சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு ஏழரை: கம்ப்யூட்டர் போட்ட கணக்கைப் பின்னோக்கிப் பிடிப்பது எப்படி

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. சம்பளக் கவரெல்லாம் கொடுத்து முடித்து டீக்கு எழுந்த நேரத்தில், ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங் மேடம், என் கணக்குக்கு நாப்பத்தாறு ரூவா குறையுதுங்க."

கையில் ஒரு சின்ன நோட்டு. கிழமைவாரியாக வேலை பார்த்த நேரத்தைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர். சில நாள் அரை மணி, ஒரு மணி பிந்தும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அப்படி வருவார். பிந்தின நேரத்தைத் தானே கழித்துக்கொண்டு எழுதியிருந்தார்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. இருபத்தாறு வருடம் ஆகிறது. நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிய கடைசிக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அப்புறம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வந்தது, எக்செல் வந்தது, சம்பளத்துக்குத் தனி சாஃப்ட்வேர் வந்தது. "சிஸ்டம் போட்ட கணக்குங்க்கா, தப்பா வராது" என்று சொல்லி நான் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அந்த 46 ரூபாயைத் துரத்திக்கொண்டு போன கதையை வைத்தே, ஒரு சாஃப்ட்வேர் எப்படி அந்த விடைக்கு வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தப்பு என்று யாராவது சொன்னதும் நாம் செய்யும் முதல் காரியம், "மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்" என்று ரீபிராசஸ் பட்டனைத் தட்டுவது. தட்டாதீர்கள். சில சாஃப்ட்வேர் பழைய விடையின் மேலேயே புது விடையை எழுதிவிடும். அதன்பின் முதலில் என்ன வந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. முதலில் அந்தத் திரையைப் படம் எடுங்கள், ரிப்போர்ட்டைப் பிரிண்ட் போடுங்கள், தேதியும் நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேக்கப்பும் எடுத்துத் தனியாக வையுங்கள்.

அடுத்து, கேள்வியைச் சின்னதாக்குங்கள். "சம்பள சாஃப்ட்வேர் சரியா தப்பா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த அக்காவுக்கு, இந்த வாரம், 2,928 ரூபாய் எப்படி வந்தது?" என்று கேட்டால் முடியும். ஒரு ஆள், ஒரு வாரம், ஒரு தொகை. ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) லாபம் இடிக்கிறது என்றாலும் இதே வழிதான்: மொத்த லாபத்தோடு மல்லுக்கட்டாமல், சந்தேகப்படும் ஒரே ஒரு வரியைப் பிடியுங்கள்.

கையால் போடுங்கள், பார்த்து எழுதாதீர்கள்

சாஃப்ட்வேரின் விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நம்மை அறியாமல் அந்த விடைக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். மானிட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள். நான் அக்காவின் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு போட்டேன்.

திங்கள் 8 மணி, செவ்வாய் ஏழரை, புதன் ஆறே முக்கால், வியாழன் 8, வெள்ளி ஏழரை, சனி 8. ஆக மொத்தம் நாற்பத்தைந்தே முக்கால் மணி நேரம். ஷிப்ட் ஒன்றுக்கு 520 ரூபாய். ஷிப்டுக்கு எட்டு மணி என்றால் மணிக்கு 65. பெருக்கினால் 2,973.75. ரூபாய்க்கு முழுதாக்கினால் 2,974. கவரில் இருந்தது 2,928. அக்கா சொன்ன 46 ரூபாய் அப்படியே வந்தது.

நோட்டு தப்பாக இருக்கலாமே என்று சூபர்வைசரின் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே நேரம்தான். ஆக, தப்பு எங்களிடம்.

வித்தியாசத்துக்குக் கைரேகை உண்டு

எங்கே தப்பு என்று தேடப் போவதற்கு முன்னால் வித்தியாசத்தை உற்றுப் பாருங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் இதில் கில்லாடிகள். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்: 5,410-ஐ 4,510 என்று எழுதினால் 900 இடிக்கும். வித்தியாசத்தின் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்று வைக்க வேண்டியதை வரவில் வைத்திருக்கிறோம். வித்தியாசம் அப்படியே ஒரு பில் தொகையாக இருந்தால், அந்தப் பில் விட்டுப்போயிருக்கிறது. இல்லையென்றால் இரண்டு தரம் ஏறியிருக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்றால் ரவுண்டிங்கைச் சந்தேகப்படுங்கள்.

46-ஐ 65-ஆல் வகுத்தேன். சரியாக வரவில்லை. உடனே கைவிடாமல், முழுதாக்கும் முன் இருந்த தொகையை ரிப்போர்ட்டில் தேடினேன்: 2,928.25. அப்படியானால் உண்மையான வித்தியாசம் 45.50. மேலே கால் ரூபாய், கீழே கால் ரூபாய் என்று இரண்டு பக்கமும் முழுதாக்கியதில் 46 ஆகிவிட்டது. 45.50-ஐ 65-ஆல் வகுத்தால் 0.70. முக்கால் மணிக்கும் கொஞ்சம் கம்மி, நாற்பத்திரண்டு நிமிடம்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சூபர்வைசர் கால் மணி, அரை மணி, முக்கால் மணி என்றுதான் எழுதுவார். நாற்பத்திரண்டு நிமிடம் அவருடைய ரிஜிஸ்டரில் தொலைந்துபோகவே முடியாது. தொலைந்தது என்றால் கால் மணிகளாகத்தான் தொலையும். ரிஜிஸ்டரை விட்டு வெளியே வந்தபிறகு ஏதோ நடந்திருக்கிறது.

ஒவ்வொரு படியாக இறங்குங்கள்

எந்த விடைக்கும் பின்னால் ஒரு படிக்கட்டு உண்டு. எங்கள் விஷயத்தில், மேலே சம்பளச் சீட்டு. அதற்குக் கீழே வாரச் சம்பள ரிப்போர்ட். அதற்குக் கீழே ஆஜர் திரை. அடியில் காகித ரிஜிஸ்டர். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, "இந்தப் படியில் இருப்பது, கீழ்ப்படியில் இருப்பதிலிருந்து வருமா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு படி தாண்டிக் குதித்தால் தப்பு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

சீட்டு 2,928, ரிப்போர்ட் 2,928.25. பொருந்துகிறது. ரிப்போர்ட்டில் மொத்த மணி 45.05, ரேட் 65. பெருக்கினால் 2,928.25. பெருக்கலும் சரி. அப்புறம் அந்த 45.05. கால் மணிகளைக் கூட்டினால் எந்தக் காலத்திலும் 45.05 வராது. இந்த எண் வாராவாரம் எங்கள் கண்முன்னேதான் இருந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இருக்கும் ரூபாயை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆஜர் திரையைத் திறந்தேன். செவ்வாய் 7.30. புதன் 6.45. வெள்ளி 7.30.

ரிஜிஸ்டரிலும் சூபர்வைசர் 7.30 என்றுதான் எழுதியிருந்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். ஏழரை மணி என்றால் 7.30. தீபாவளி முடிந்து புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்து அப்படியே 7.30 என்று டைப் அடித்திருக்கிறான். சாஃப்ட்வேருக்கோ அந்தப் புள்ளி தசமப் புள்ளி. அதற்கு ஏழரை என்றால் 7.5. 7.30 என்று கொடுத்தால் ஏழு மணியும், ஒரு மணியில் பத்தில் மூன்று பங்கும் என்று எடுத்துக்கொள்ளும். ஏழரைக்கு 0.20 மணி நட்டம், ஆறே முக்காலுக்கு 0.30 நட்டம். 0.20, 0.20, 0.30. கூட்டினால் 0.70. கணக்கு முடிந்தது. முழு எட்டு மணி வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. அதனால்தான் அத்தனை வாரம் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் ஏழரை புகுந்துகொண்டது என்று முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டேன். "சிஸ்டம் கரெக்டாத்தானுங்க போடுது. நீங்க என்ன கொடுக்கறீங்களோ அதைத்தானுங்க எடுத்துக்கும்." அவர் சொன்னதும் பொய்யில்லை. தம்பியும் ரிஜிஸ்டரில் இருந்ததைத்தான் அடித்தான். சூபர்வைசரும் ஊர் எழுதுகிற மாதிரிதான் எழுதினார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று பேரும் சரி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எண் கைமாறும் இடத்தில் அதன் அர்த்தம் மாறிவிட்டது. என் அனுபவத்தில் பெரும்பாலான தப்பு இந்தக் கைமாறும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் இறங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது மணியா நிமிடமா, கிலோவா பீஸா, ரூபாயா ஆயிரமா என்று அளவையும் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் தப்பாகப் போடாது என்று நினைப்பதன் விலை எவ்வளவு என்பதற்கு பிரிட்டன் தபால் துறைக் கதை ஒன்றே போதும். ஹொரைசன் என்று ஃபுஜிட்சு செய்த கணக்கு சாஃப்ட்வேர் 1999-லிருந்து தபால் கிளைகளுக்கு வந்தது. அது காட்டிய பணக் குறைவுக்குக் கிளை நடத்தியவர்களைத் திருடர்கள் ஆக்கினார்கள். 900 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். சாஃப்ட்வேரில் பிழைகள் இருந்தன என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அங்கேயும் சின்னச் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு "என் கணக்கு இதில்லை" என்று நின்றவர்கள் இருந்திருப்பார்கள்.

டேலியில் இறங்குவது

டேலியில் இந்தப் படிக்கட்டு ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. ஐந்தொகையில் ஒரு வரியில் நின்று என்டர் தட்டினால் அதன் குரூப், மறுபடி தட்டினால் லெட்ஜர், அப்புறம் மாதவாரி, அப்புறம் அந்த மாதத்து வவுச்சர்கள், கடைசியில் வவுச்சரே திறக்கும். அங்கிருந்து அலமாரியில் இருக்கும் காகித பில். அந்தக் கடைசிப் படிக்குப் போகாமல் நிறுத்தாதீர்கள்.

இறங்கும் முன் மேலே இருக்கும் காலத்தைப் பாருங்கள். ஆல்ட் எஃப்2 தட்டி யாரோ நவம்பர் மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். நாம் முழு வருடம் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வோம். அப்புறம் ஆப்ஷனல் என்று குறித்த வவுச்சர்கள் கணக்கில் சேராது. போஸ்ட் டேட்டட் என்று குறித்தவை அந்தத் தேதி வரும்வரை சேராது. "போட்ட பில் ஏன் வரவில்லை?" என்ற கேள்விக்குப் பாதி நாள் இதுதான் பதில்.

சரக்கு இருப்பு மதிப்புதான் டேலியில் கொஞ்சம் வழுக்கும் இடம். நூல் 100 கிலோ 280 ரூபாய்க்கும், பின்னால் 100 கிலோ 300 ரூபாய்க்கும் வாங்கி, 150 கிலோ போய்விட்டது என்று வையுங்கள். மீதி 50 கிலோ. சராசரி விலை முறையில் கிலோ 290, இருப்பு 14,500. முதலில் வந்தது முதலில் போனது என்ற முறையில் கிலோ 300, இருப்பு 15,000. இரண்டும் சரியான கணக்கு. லாபத்தில் மட்டும் 500 ரூபாய் வித்தியாசம். எந்த முறை என்பது அந்த சரக்கின் மாஸ்டரில், அதாவது அதன் விவரங்களைப் பதிந்து வைக்கும் திரையில், இருக்கும். போன மாதத் தேதியில் ஒரு கொள்முதல் பில்லை இன்றைக்கு ஏற்றினால், அதற்குப் பின்னால் வரும் சராசரியெல்லாம் மாறிவிடும். முதலாளிக்கு மாத லாபம் சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து அதே மாதத்துக்கு வேறு லாபம் சொல்லி நான் திட்டு வாங்கியது இப்படித்தான். அதிலிருந்து மாத ரிப்போர்ட்டை எடுத்த அன்றே பிடிஎஃப் ஆக்கித் தனியே வைத்துவிடுகிறேன்.

எக்செல்லில் இறங்குவது

எக்செல்லில் யார் எந்தக் கட்டத்தில் என்ன மறைத்து வைத்திருப்பார்கள் என்று சொல்லவே முடியாது. முதலில் கண்ட்ரோலோடு, எண் ஒன்றுக்கு இடதுபக்கம் இருக்கும் சாய்கோட்டுக் கீயைத் தட்டுங்கள். எண்களுக்குப் பதிலாக ஃபார்முலாக்கள் தெரியும். முப்பது கட்டத்தில் ஃபார்முலாவும் நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் வெறும் எண்ணும் இருந்தால், அவசரத்தில் யாரோ கையால் அடித்த எண் அது. நான் பிடித்த எக்செல் தப்புகளில் இதுவே அதிகம்.

சந்தேகக் கட்டத்தில் நின்று எஃப்2 தட்டினால் எந்தெந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறது என்று கலர் கலராகக் காட்டும். கூட்டல் கடைசி வரிக்கு முந்தின வரியோடு நின்றிருந்தால் இங்கே தெரிந்துவிடும். ஃபார்முலாஸ் பக்கத்தில் ட்ரேஸ் பிரசிடென்ட்ஸ் என்றால் அம்புக்குறி போட்டுக் காட்டும். இவாலுவேட் ஃபார்முலா என்றால் நீளமான ஃபார்முலாவை ஒவ்வொரு துண்டாக விடைபோட்டுக் காட்டும். அவசரத்துக்கு இன்னொரு வழி: ஃபார்முலாவில் ஒரு துண்டை மட்டும் தேர்ந்து எஃப்9 தட்டினால் அந்தத் துண்டின் விடை வரும். பார்த்த பின் எஸ்கேப் தட்டி வெளியே வாருங்கள். என்டர் தட்டினால் அந்த விடையே ஃபார்முலாவில் உறைந்துவிடும்.

ஃபார்முலாவெல்லாம் சரி, விடை மட்டும் தப்பு என்றால் எண் வேஷம் போட்ட எழுத்தைத் தேடுங்கள். வேறு சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த ஷீட்டில் இது சகஜம். பார்க்க எண் மாதிரியே இருக்கும். சம் ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதே கட்டங்களைக் கூட்டல் குறி போட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினால் சேர்த்துக்கொள்ளும். இரண்டு விடையும் வேறு வேறாக வந்தால் ஆள் அகப்பட்டான். ஃபில்டர் போட்ட ஷீட்டில் சம் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வரிகளையும் கூட்டும். தெரிவதை மட்டும் கூட்ட சப்டோட்டல் வேண்டும். பட்டியலில் தேடி ரேட் எடுக்க விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டிருந்தால் அதன் கடைசி, நான்காவது இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தையே போடாமல் விட்டிருந்தால், சரியான பெயர் கிடைக்காதபோது கிட்டத்தட்ட இருக்கும் எதையாவது எடுத்து வந்து கொடுத்துவிடும்.

வரி எண்ணிக்கையையும் எண்ணுங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை கொரோனா கணக்கில் 15,841 பேரைத் தவறவிட்டது. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் பிடிக்காது, மீதி கீழே விழுந்துவிட்டது. ஒரு கோப்பு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது, இந்தப் பக்கம் எத்தனை வரி, அந்தப் பக்கம் எத்தனை வரி, இரண்டிலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத விதிகள்

சில சமயம் எல்லா எண்ணும் சரியாக இருக்கும், நம் கணக்கு மட்டும் இடிக்கும். அப்போது உள்ளே நமக்குத் தெரியாத ஒரு விதி ஓடுகிறது என்று அர்த்தம்.

உச்சவரம்பு அப்படி ஒன்று. 18,000 ரூபாய் சம்பளத்துக்கு முழுசாக பிஎஃப் கட்டும் கம்பெனியில், முதலாளி பங்கில் 3.67 சதவீதம் பிஎஃப் கணக்குக்கு என்று படித்துவிட்டுப் பெருக்கினால் 660 ரூபாய் 60 காசு வரும். சாஃப்ட்வேர் 910 காட்டும். தப்பில்லை. பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதத்துக்கு, 2014 செப்டம்பரில் உயர்த்திய 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. அதனால் பென்ஷனுக்கு 1,250 தான் போகும். மொத்தப் பங்கு (3.67-உம் 8.33-உம் சேர்ந்து 12 சதவீதம்) 2,160-இல் அது போக மீதி 910.

ரவுண்டிங் இன்னொன்று. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,410 ரூபாய்க்கு 93 ரூபாய் ஏழரைக் காசு. நாம் 93 என்போம். அங்கே அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும் என்பது விதி, அதனால் 94. ஆள் ஆளாக ஏற்றிக் கூட்டுவதும், மொத்தத்தைக் கூட்டிக் கடைசியில் ஏற்றுவதும் வேறு வேறு தொகை தரும்.

ரேட் எந்தத் தேதியிலிருந்து என்பதும் பார்க்க வேண்டும். அந்த 0.75 என்பது 2019 ஜூலை 1 முதல்தான். அதற்கு முன் 1.75. மாஸ்டரில் தேதி போடாமல் ரேட்டை மட்டும் மாற்றினால், பழைய மாதத்தை மறுபடி திறக்கும்போது அதுவும் புது ரேட்டில் கணக்காகும். முதலிலேயே ரீபிராசஸ் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

எதை முதலில் செய்கிறது என்ற வரிசையும் விடையை மாற்றும். ரெடிமேட் துணிக்கு 2025 செப்டம்பர் 21 வரை பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீத ஜிஎஸ்டி. 1,050 ரூபாய்ச் சட்டையைப் பத்து சதவீதத் தள்ளுபடியில் 945-க்கு விற்றால் வரி 5 சதவீதம்தான், 47 ரூபாய் 25 காசு. நான் பார்த்த ஒரு கடை பில்லிங்கில் தள்ளுபடிக்கு முந்தின விலையை வைத்து ரேட்டைத் தேர்ந்துவிட்டு, தள்ளுபடிக்குப் பிந்தின விலையில் அதைப் போட்டார்கள்: 113 ரூபாய் 40 காசு. இப்போது எல்லை 2,500, அதற்கு மேல் 18 சதவீதம். எல்லை மாறினாலும் வரிசைத் தப்பு அப்படியே இருக்கும். அடி மட்டும் பலமாக விழும்.

கதவு பூட்டியிருந்தால்

உள்ளே என்ன ஃபார்முலா என்று சாஃப்ட்வேர்காரர் சொல்ல மாட்டார், அல்லது அவருக்கே தெரியாது. பரவாயில்லை. பேக்கப்பை வேறு ஃபோல்டரில் ஏற்றி ஒரு டம்மி கம்பெனி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு ஆள், மணிக்கு 100 ரூபாய், ஒரே ஒரு நாள். தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எங்கள் புள்ளிச் சண்டைக்கு நான் கொடுத்தது 0.60. தசமமாக எடுத்தால் 60 ரூபாய் வரும். நிமிடமாக எடுத்தால் ஒரு மணி என்று 100 வரும். வந்தது 60. ஒரே கேள்வியில் வாக்குமூலம் கிடைத்தது. எல்லைகளின் இரண்டு பக்கமும் கொடுத்துப் பாருங்கள்: பென்ஷன் எல்லைக்கு 15,000 மற்றும் 15,001, இஎஸ்ஐ எல்லைக்கு 21,000 மற்றும் 21,001, அப்புறம் பூஜ்யம், காலி.

எண் சரியாக இருந்து பின்னால் மாறியது என்று தோன்றினால், மாற்றியது யார் என்று கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள், திருத்தங்களின் தடம் பதியும், அதை அணைக்க முடியாத சாஃப்ட்வேரில்தான் கணக்கு வைக்க வேண்டும். டேலியில் எடிட் லாக் (Edit Log, திருத்தப் பதிவேடு) அதற்குத்தான். எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கூட்டு வியாபாரமும் தனி முதலாளியும்தான், அவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் அந்த லாக் எதற்கும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி செய்த பிறகு

தம்பி சேர்ந்ததிலிருந்து ஒன்பது சனிக்கிழமை. பழைய வாரங்களை ரீபிராசஸ் செய்யாமல், ரிஜிஸ்டரை வைத்து, முழு மணியாக இல்லாத நாட்களை மட்டும் தனி ஷீட்டில் எடுத்து, ஆளுக்கு எவ்வளவு நிலுவை என்று கையால் போட்டோம். சம்பளம் மாறினால் பிஎஃப், இஎஸ்ஐயும் மாறும் என்பதால் அதையும் கூடவே. ஒவ்வொரு கவரிலும் அந்தக் கணக்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தோம்.

தம்பியிடம், ஏழரை என்றால் 7.5, முக்கால் என்றால் .75 என்று சொல்லிக் கொடுத்தேன். சாஃப்ட்வேர்காரரிடம், மணிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகக் கேட்டேன். "பார்க்கலாமுங்க" என்றார். பொங்கல் லீவு முடிந்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வேறு மாதிரி சரிசெய்து அனுப்பிவிட்டார்: இனிமேல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும்.

அந்த சனிக்கிழமை சம்பளம் போயிற்று. யாரும் வந்து கேட்கவில்லை. திங்கட்கிழமை, புது வெர்ஷன் ஏறியிருப்பது தெரிந்து, டம்மி கம்பெனியில் தம்பியை அடிக்கச் சொன்னேன்: எட்டு, ஏழரை, ஆறே முக்கால், ஏழே கால். மொத்தம் இருபத்தொன்பதரை மணி. 2,950 வர வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவன் 7.50, 6.75, 7.25 என்று அடித்தான். சாஃப்ட்வேர் அதை ஏழு மணி ஐம்பது நிமிடம், ஆறு மணி எழுபத்தைந்து நிமிடம், ஏழு மணி இருபத்தைந்து நிமிடம் என்று படித்தது. வந்தது 3,050.

ஓவர்லாக் அக்காவைக் கூப்பிட்டு, போன வாரக் கணக்கு சரியாக இருந்ததா என்று கேட்டேன். நோட்டை எடுத்துவந்து காட்டினார். ஒரு நாள் ஏழரை, ஒரு நாள் ஆறே முக்கால், மற்ற நான்கு நாளும் எட்டு. அதன் கீழே, "54 கூட" என்று எழுதிக் கோடு போட்டிருந்தது.

"நீங்களே அடுத்த வாரம் புடிச்சுக்குவீங்கன்னு எழுதி வெச்சிருக்கேனுங் மேடம்" என்றார்.